மருந்து விலையும் மத்திய சுகாதார அமைச்சரும்
ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லையென்றால் மத்திய சுகாதார அமைச்சர்தான் நேரடிப் பொறுப்பு என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் 6ஆவது இனம். மருத்துவரை நியமிப்பதும் இடம் மாற்றுவதும் மாநில அரசின் வேலை. மத்திய அமைச்சரின் உண்மையான பிடி பணத்தில் இருக்கிறது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிடும் தேசிய சுகாதார இயக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90க்கு 10. மத்தியப் பங்கு மாநிலக் கருவூலம் வழியாகத்தான் இயக்கத்தை மாநிலத்தில் நடத்தும் மாநில சுகாதாரச் சங்கத்துக்குப் போகிறது. அங்கே கோப்பு தேங்கினால் முதலில் அடிபடுவது ஒப்பந்தச் செவிலியரின் சம்பளம். இதைத்தான் கட்டுரை தோண்டியிருக்க வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் மருந்து விலைக்கும் அதே அமைச்சர்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிறார். அதுவும் சரியல்ல. புதிய மருந்துக்கு அனுமதி தருவது சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள மத்திய மருந்துத் தர அமைப்பு. உச்சவரம்பு விலையை நிர்ணயிக்கும் ஆணையமோ ரசாயனம், உரத்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ தொழிலாளர் அமைச்சகத்தில். சித்தா, ஆயுர்வேதம் போன்ற மரபு மருத்துவத்துக்கான ஆயுஷ் 2014இல் தனி அமைச்சகமாகப் பிரிந்தது. 2020 பொதுமுடக்க ஆணைகள்கூட 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உள்துறையிலிருந்தே வந்தன. இத்தனை வரம்புகள் இருந்தும் நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் 1956இல் எய்ம்ஸுக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்தார். மருத்துவக் கல்வி இன்று மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அமைச்சரிடம் கறாராகக் கணக்குக் கேட்க வேண்டிய இடம் அது.