தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டா?

வெளிநாட்டுக்காரரைக் கட்டியதால் அமெரிக்கக் குடியுரிமையை இழந்த எதெல் மெக்கன்சி பற்றிச் செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தேன். கீழே ஒரு கமெண்ட் வந்தது. "தெரிஞ்சுதானே வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கிட்டா? அப்புறம் என்ன புலம்பல்?" எழுதியவர் நான் அண்ணா என்று கூப்பிடுகிற மனுஷர். அதனால் பேர் போடவில்லை.

அண்ணா, இது உங்கள் சொந்தச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1915-லேயே எதெலின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. விளைவு தெரிந்து விரும்பிச் செய்த கல்யாணமாம், அதனால் குடியுரிமை போனது போனதுதானாம். நீங்கள் நூறு வருஷம் லேட்.

எதெல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பெண்களுக்கு ஓட்டு கேட்டுப் போராடியவர். 1911-இல் அந்த மாநிலத்தில் ஓட்டு கிடைத்தது. 1913-இல் பேரைப் பதியப் போனால், நீ அமெரிக்கப் பிரஜையே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1909-இல் அவர் கட்டியது ஸ்காட்லாந்துப் பாடகர் ஒருவரை. 1907-ஆம் வருஷச் சட்டப்படி கல்யாணத்தன்றே குடியுரிமை காலி. திரும்ப வேண்டுமா? புருஷன் பிரஜையாக வேண்டும், இல்லையா, அவர் சாகவோ விவாகரத்து ஆகவோ வேண்டும். அந்தம்மா ஊரைவிட்டு நகரக்கூட இல்லை!

அதே காலத்தில் ஓர் அமெரிக்க ஆண் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டினால்? ஒன்றும் போகாது. பெரும்பாலும் அவளுக்கும் சேர்த்துக் குடியுரிமை கிடைத்தது. அவனும் தெரிஞ்சுதானே கட்டினான்?

"அந்தக் காலம் அப்படி" என்று வருவீர்கள். சரி, பிரிட்டனிலும் 1948 வரை கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு குடும்பத்தில் ரெண்டு நாடு இருந்தால் போர்க்காலத்தில் சிக்கல், அதையும் ஒத்துக்கொள்கிறேன். விட்டுக்கொடுப்பது ஏன் எப்போதும் அவளாகவே இருக்கிறாள் என்பதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

1922-இல் அமெரிக்காவில் சட்டத்தைத் திருத்தினார்கள். அதிலும் ஓர் ஓட்டை: குடியுரிமை பெறத் தகுதியில்லாதவனைக் கட்டினால் அவளுடையதும் போகும். அடுத்த வருஷமே இந்தியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று தீர்ப்பு. அதாவது அண்ணா, உங்களையோ என் வீட்டுக்காரரையோ போன்ற ஒருவரை ஓர் அமெரிக்கப் பெண் கட்டியிருந்தால் அவளுடைய அமெரிக்கக் குடியுரிமை காலி. 1931 வரை. அவளிடமும் இதையே கேட்டிருப்பீர்களா?

நான் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வருபவரின் துணைக்கு அமெரிக்கா தரும் விசாவில், வந்து இறங்கியவள். வேலை பார்க்க அனுமதி இல்லாத ஐந்து வருஷம். வங்கியில் கேள்வி கேட்டது நான். கவுன்ட்டர் பெண் பதிலை என் தோளுக்கு மேலே பார்த்து வீட்டுக்காரரிடம் சொன்னாள். எல்லாத் தாளிலும் என் பேருக்குப் பக்கத்தில் ஒரே வார்த்தை, டிபெண்டன்ட். ரெண்டும் ஒன்றா என்று கிளம்ப வேண்டாம், ஒன்றில்லை. என்னிடமிருந்து யாரும் குடியுரிமையைப் பிடுங்கவில்லை. ஊரில் ஒரு சித்தப்பா மட்டும் "தெரிஞ்சுதானேம்மா போன?" என்றார்.

கமெண்ட்டை அழிக்கப் போவதில்லை, கிடக்கட்டும். அதற்கு விழுந்த லைக்குகளை நேற்று ராத்திரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் அண்ணியும் இருக்கிறார். என்னோடு அதே எச்-4-இல் உட்கார்ந்திருந்த அண்ணி.