யாகப்சனைச் சோகக் கவிஞர் ஆக்காதீர்கள்

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே ஒரு இளம் கவிஞருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து யாராவது நாலு வரி பகிராத மாதமே கிடையாது. பகிரட்டும். 1903 ஏப்ரலில் இத்தாலியின் வியாரெஜ்ஜோவிலிருந்து எழுதிய கடிதத்தில், எங்கே போனாலும் தன் கூடவே வரும் புத்தகங்கள் என்று இரண்டைச் சொல்கிறார். ஒன்று பைபிள். இன்னொன்று டென்மார்க்கின் யென்ஸ் பீட்டர் யாகப்சன் எழுதியவை. அந்தப் பத்தியை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

தப்பித்தவறி யாகப்சனைப் பற்றி எழுதுகிறவர்களும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். காசநோய், கல்யாணம் ஆகவில்லை, கடவுளை நம்பவில்லை, 38 வயதில் போய்ச்சேர்ந்தார். முடிந்தது, ஒரு சோகக் கவிஞர் தயார். எனக்கு இதில்தான் கோபம். அந்த மனுஷன் முதலில் ஒரு தாவரவியலாளர். அதை ஒரு வரியில் தாண்டிப் போனால் மிச்சம் எதுவுமே பிடிபடாது.

1847-இல் டென்மார்க்கின் ஜூட்லாந்து தீபகற்பத்தில் வடமேற்கே திஸ்டெட் என்ற சின்ன ஊரில் ஒரு வியாபாரி வீட்டில் பிறந்தவர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தார். அன்ஹோல்ட், லேசோ என்ற தீவுகளுக்குப் போய் அங்கே என்னென்ன செடிகள் முளைக்கின்றன என்று கணக்கெடுத்தார். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலை டேனிஷ் மொழிக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். 1872-இல் அது வெளிவந்தபோது வயது 25. பின்னாலேயே ‘மனிதனின் வழித்தோன்றல்’ நூலையும் மொழிபெயர்த்தார்.

1873-இல் பல்கலைக்கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது, கவிதைக்கு இல்லை, பாசிக்கு. டெஸ்மிட் என்று ஒரு நன்னீர்ப் பாசி. சதுப்பு நிலத்தில், குட்டைத் தண்ணீரில் இருக்கும். மொத்த உடம்பும் ஒரே செல். பெரும்பாலானவை நடுவில் இடுப்புப் பிடித்தாற்போல ஒடுங்கியிருக்கும், ஒடுக்கத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அச்சு அசல் ஒரே வடிவம். சில நட்சத்திரம் போல, சில பிறைநிலா போல. ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க, ஓரத்தில் உள்ள வெட்டுகளையும் முட்களையும் நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அவசரக்காரனுக்கு எல்லாமே பச்சைப் புள்ளிதான்.

இந்தக் கண்தான் ‘மோகன்ஸ்’ கதையை எழுதியது. 1872-இல் வந்த முதல் கதை. கதாநாயகன் யார், எந்த ஊர் என்றெல்லாம் சொல்லாமல், கோடைக்கால நடுப்பகல், ஒரு பழைய ஓக் மரம் என்று ஆரம்பிக்கிறார். கறுத்து முறுக்கிய கிளைகளுக்கும் புதுசாகத் துளிர்த்த மஞ்சள் இலைகளுக்கும் பொருத்தமே இல்லாமல் அந்த மரம் தவிக்கிறது. அப்புறம் மழை வருகிறது. மழை ஊரை நனைப்பதைக் காட்டிலும் ஒவ்வொரு இலையையும் தண்டையும் தனித்தனியாக நனைப்பதைப் பார்க்கிறோம். அன்றைய டேனிஷ் உரைநடையில் இது புதுசு. விமர்சகர் கியோர்க் பிராண்டஸ் 1871-இல் கோபன்ஹேகனில் உரையாற்றத் தொடங்கி, இலக்கியம் சமூகப் பிரச்சினைகளை விவாதிக்க வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்த நேரம். யாகப்சன் அவர் அணிதான், ஆனால் விவாதத்தை விட்டுவிட்டு இலையைப் பார்த்தார். அதற்காகவே அவரைப் பிடிக்கும் எனக்கு.

கவிதைக்கு வருவோம். அவருடைய ‘குர்ரே பாடல்கள்’தான் பின்னால் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் கையில் பிரமாண்டமான இசைப்படைப்பானது. 1913-இல் வியன்னாவில் அரங்கேற்றம். வால்டெமார் மன்னன், அவன் காதலி டோவே, பொறாமைப்பட்ட ராணி, கொலை, கடவுளைச் சபித்த மன்னன் செத்தும் அடங்காமல் ராத்திரி ராத்திரியாகக் குதிரையில் அலைவது என்று எல்லாரும் இந்தக் கதையையே சொல்வார்கள். அது பழைய டேனிஷ் கதை, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். கடைசிப் பகுதியை இவர் மட்டும்தான் எழுதியிருக்க முடியும். பேய்ப்படை ஓய்ந்ததும் கோடைக்காற்று வருகிறது, அப்போது கவிதை யாரைக் கூப்பிடுகிறது தெரியுமா? வயலோரத்துக் களைச்செடிகளை, அதுவும் திருவாளர், திருமதி போட்டு! அந்தத் திருவாளர் நம்மூரில் கட்டுக்கட்டாக விற்கும் சக்கரவர்த்திக் கீரைக்கு உறவுக்காரர். ராஜாவின் துக்கத்துக்குப் பின் களைக்கு மரியாதை. டார்வினை வரிவரியாக மொழிபெயர்த்த கைக்கே இது வரும்.

இந்தப் பாடல்கள் வரும் மூலப் படைப்பின் அமைப்பும் அப்படித்தான். ஒரு கள்ளிச்செடி பூப்பதற்காகக் காத்திருக்கும் இளைஞர்கள், பொழுது போக, தாங்கள் எழுதியதை ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தவரை கவிதைத் தொகுப்பு ஒன்றும் வரவில்லை. 1885-இல் இறந்தார், 1886-இல் நண்பர்கள்தான் கொண்டுவந்தார்கள்.

செடியை அறுத்துப் பார்க்கிறவனுக்குப் பூவின் அழகு எங்கே தெரியப்போகிறது என்று ஒரு இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் பேச, பலத்த கைதட்டல். மறுத்துப் பேசினால் ‘நீங்கள் சயின்ஸ் குரூப்பா’ என்கிறார்கள். யாகப்சனின் ஒரு பக்கத்தையாவது புரட்டிய பிறகு கை தட்டியிருக்கலாம்.

‘நீல்ஸ் லூனே’ நாவலையும் (1880) நாத்திகர்களின் வேதநூல் மாதிரி பேசுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. சின்ன வயதில் அத்தைக்காக வேண்டிக்கொண்டு, அவள் செத்ததும் கடவுளோடு உறவை முறித்துக்கொள்கிறான் நீல்ஸ். பிற்பாடு தன் குழந்தை சாகக் கிடக்கும்போது மண்டிபோட்டுக் கெஞ்சுகிறான். பிரஷ்யா, ஆஸ்திரியாவோடு டென்மார்க் மோதிய 1864 போரில் குண்டடி பட்டுக் கிடக்கும்போது பாதிரியார் வேண்டாம் என்கிறான். நம்பிக்கை இல்லாதவனுக்கு எது எப்போது முறிகிறது என்பதை, பாசியின் ஓரத்தைப் பார்த்த அதே நிதானத்தோடு எழுதுகிறார். யார் பக்கமும் வக்காலத்து கிடையாது.

இரண்டு நாவல், ஒரு கதைத்தொகுப்பு, கொஞ்சம் கவிதை. காசநோய் வந்ததால்தான் இவ்வளவு கம்மி என்று உச்சுக்கொட்டுவார்கள். நோய் 1873-லேயே இத்தாலிப் பயணத்தில் பிடித்துக்கொண்டது உண்மை. அதற்கப்புறம்தான் இரண்டு நாவலும் வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

படிக்க நினைப்பவர்கள் ‘மோகன்ஸ்’ கதையில் ஆரம்பியுங்கள். ரில்கேயும் அதையே சொல்கிறார், அந்த விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் இலவசம். அதே தொகுப்பில் பெர்காமோ நகரத்தில் கொள்ளைநோய் வந்த கதையும் இருக்கிறது. ஜனங்கள் முதலில் கோயிலுக்கு ஓடி, பலிக்காதபோது குடியிலும் கூத்திலும் விழுவார்கள். கொரோனாவுக்கு முன்னால் அதைப் படித்தவர்கள் இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள், கமெண்ட்டில் பேசுவோம்.