ஆப் தயாரான பிறகு எதற்குக் கருத்துக் கேட்கிறீர்கள்?

ஓர் அரசுத் துறை தன் புதிய ஆப் பற்றிக் கருத்துக் கேட்க, டர்பனின் சாட்ஸ்வர்த் மண்டபத்தில் சனிக்கிழமை நடத்திய கூட்டத்தின் வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தத் துறை என்று இங்கே எழுதப் போவதில்லை. மேடையில் பேசிய பையனையும் திட்டப் போவதில்லை, அவனை அனுப்பியவர்கள் வேறு. ஆனால் வயதான ஓர் ஆயா எழுந்து, "இது என் போன்ல வராதே தம்பி, நான் என்ன செய்ய?" என்று கேட்டார். "வீட்ல பேரப்பிள்ளை இருந்தா செஞ்சு தரச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். நம் ஆட்கள்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

கருத்துக் கேட்கிறோம் என்றுதான் அழைத்தார்கள். ஆப் தயார், தொடங்கும் தேதியும் குறித்தாகிவிட்டது. அப்புறம் எதற்குக் கருத்து? முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். திரையில் முதல் கோடு போடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. 1997இல் நம் தென்னாப்பிரிக்க அரசே வெளியிட்ட பாத்தோ பேலே (மக்களே முதலில்) என்ற பொதுச் சேவைக் கொள்கையில் எட்டு அம்சங்கள். அதில் முதலாவதே மக்களைக் கலந்து ஆலோசிப்பது. அரசியலமைப்பின் 195ஆம் பிரிவும், கொள்கை வகுப்பதில் பொதுமக்கள் பங்கேற்க ஊக்கப்படுத்த வேண்டும் என்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர்கள் நீங்கலாக என்று அங்கே எழுதவில்லை.

என் அம்மா டர்பனில் துணி ஃபேக்டரியில் தைத்தே எங்களை வளர்த்தவர். விரல் ரேகை மெஷினில் அவர் விரல் பதிவதே இல்லை. துடை, மறுபடி வை, அழுத்தி வை என்று விரட்டுவார்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். அம்மா ஏதோ திருட்டுத்தனம் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொள்வார். கையால் உழைத்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை தேய்ந்துபோகும். இந்த ஊரில் தையல் வேலை செய்த, கரும்பு வெட்டிய எந்த முதியவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டால்தானே.

இன்னும் எவ்வளவோ சொல்வார்கள். குறுஞ்செய்தியில் சரிபார்ப்பு எண் வந்ததும் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. சிம் மாறினால் பழைய நம்பருக்கே எண் போய்க்கொண்டிருக்கிறது. மாதக் கடைசியில் டேட்டா இருக்காது. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது டவரே படுத்துவிடும்.

"நீங்கள் தொழில்நுட்பத்துக்கே எதிரி" என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். இல்லை. எங்கள் பெரியம்மா காலையில் எழுந்ததும் கோயில் வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் நோட் போடுகிறவர். கால் வலியால் போக முடியாத வருடத்தில் காவடியை போனிலேயே பார்த்துக் கும்பிட்டார். பேசி அனுப்புவது அவருக்குச் சுலபம், சின்னக் கட்டங்களில் டைப் அடிப்பது கஷ்டம். வடிவமைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தகவல் என்ன வேண்டும்?

பேரப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். பேரப்பிள்ளை இல்லாதவர்கள், கேப் டவுனுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? இருந்தாலும், பின் நம்பரைக் கொடுத்துவிட்டால் பணம் யார் கையில்? கடன் கொடுப்பவர்கள் முதியவர்களின் பென்ஷன் கார்டையும் ஐடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும் நாடு இது. 2025 அக்டோபரில் முதியோர் பென்ஷன் 2,320 ரேண்ட். பல வீடுகளில் அந்த ஒரு பணத்தில்தான் மொத்தக் குடும்பமும் சாப்பிடுகிறது. அதற்குப் போகும் வழியை அடுத்தவர் கையில் கொடு என்று அரசாங்கமே சொல்லலாமா?

முதலிலேயே கேட்டால் காலமும் செலவும் கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூடட்டும். 2025இல், பென்ஷன் வழங்கும் அரசு அமைப்பான சாசாவின் தங்க நிற அட்டையைக் கறுப்பு அட்டையாக மாற்ற முதியவர்கள் கடை வாசல்களில் வரிசையில் நின்றார்கள், கெடுவும் தள்ளிப்போனது. அந்தக் காலமும் செலவும் யார் கணக்கில்?

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று யோசியுங்கள். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தை வைத்து, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் கிளப்பி இந்த சாட்ஸ்வர்த் மேட்டில் கொண்டுவந்து இறக்கியபோது யாரும் இவர்களைக் கேட்கவில்லை. வீடு எப்படி இருக்க வேண்டும், பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர்களுடைய தாய் தகப்பன்மார் தோட்டக் கூலியிலிருந்து காசு சேர்த்துப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள், கோயில்கள் கட்டினார்கள். ஒரு பொதுச் சேவை எப்படி நடக்க வேண்டும் என்று இவர்களுக்கா தெரியாது? அன்றைக்கு ஆண்டவர்கள் கேட்கவில்லை, புரிகிறது. நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்களும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

சிரித்தவர்களுக்கும் சொல்கிறேன். அந்த ஆயா கேட்டது அன்றைக்கு அந்த மண்டபத்தில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி.

துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். தொடங்கும் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வடிவமைப்புக் குழுவிலேயே உட்கார வேண்டும், அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு தர வேண்டும். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் வாசலில் கையெழுத்து வாங்குகிறோம். கையெழுத்துப் போட முடியாத பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கே வருகிறோம்.