முன்னாள் முதல்வரை இம்பீச் செய்ய முடியுமா?

கோத்தகிரி டீக்கடையில் வர்க்கியை டீயில் நனைத்தபடியே ஒருவர் போனை நீட்டினார். "பதவி போன முதல்வரையும் இம்பீச்மென்ட் செய்து தேர்தலில் நிற்கத் தடை போடலாம், டிரம்ப்பை அப்படித்தான் தண்டித்தார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. குன்னூர் குரூப்களிலும் இதுதான் சுற்றுகிறது.

தவறு. இம்பீச்மென்ட் என்றால் பதவியில் இருப்பவர் மீது சபையே குற்றம் சாட்டி, விசாரித்து, நீக்குவது. நம் அரசியல் சட்டத்தில் முதல்வருக்கோ பிரதமருக்கோ இம்பீச்மென்ட்டே கிடையாது, பதவியில் இருக்கும்போதுகூட. சபையில் பெரும்பான்மை போனால் பதவி போகும், அவ்வளவுதான். 61வது பிரிவில் இருப்பது குடியரசுத் தலைவருக்கானது. தேர்தல் தடை பெரும்பாலும் கோர்ட் வழியாகத்தான் வரும்: 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை கிடைத்தால், விடுதலையான பிறகும் 6 ஆண்டு நிற்க முடியாது.

சரி, டிரம்ப்? அது பாதி உண்மை. 2021 ஜனவரி 13 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்சபையான பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியபோது அவர் அதிபர்தான். மேல்சபையான செனட்டின் விசாரணைதான் பிப்ரவரியில், பதவி முடிந்த பிறகு நடந்தது. குற்றவாளி என்று 57 பேர், இல்லை என்று 43 பேர். தேவைப்பட்டது 67. ஆக, விடுதலை. தண்டனை எங்கே வந்தது?

இதுவும் புதிதல்ல. 1876இல் பிரதிநிதிகள் சபையின் ஓட்டெடுப்புக்குச் சற்று முன்னால் ராஜினாமா செய்துவிட்ட அமெரிக்கப் போர்த்துறை அமைச்சர் பெல்க்னாப்பையும் செனட் விடாமல் விசாரித்தது. அவரும் தப்பிவிட்டார்.