முள்ளை நகர்த்தினால் வேகம் சரியாகாது

"எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) காரில் 3.07 விகிதப் பின் ஆக்ஸில் போட்டபின், ஸ்பீடோமீட்டர் முள்ளைக் கழற்றி ஜிபிஎஸ் காட்டும் வேகத்துக்கு நேராகப் பொருத்தினால் போதும்" என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது ஒரே ஒரு வேகத்தில்தான் சரியாக இருக்கும்.

பழைய ஆக்ஸில் 3.909, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, அதை ஓட்டும் தண்டு 3.909 முறை சுற்றும். அதை 3.07 ஆக்கினால், அதே வேகத்தில், கியர்பெட்டியிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் சுமார் 21 சதவீதம் மெதுவாகச் சுற்றும். 60 மைல் வேகத்தில் மீட்டர் 47 காட்டும், 13 குறைவு. 30-இல் குறைவது ஆறரைதான். 60-க்குப் பொருந்த முள்ளை நகர்த்தினால், 30-இல் போகும்போது 36 தாண்டிக் காட்டும். 70-இல் 68தான் காட்டும், அபராதம் வாங்கித் தருவது இதுதான். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரோ துளிகூடத் திருந்தாது, ஏனென்றால் அது தனிப் பல்சக்கரங்களில் ஓடுகிறது.

சரியான வழி கேபிளின் சுற்றுகளை எண்ணுவது. பல எம்ஜிபிகளின் டயலில் பொடி எழுத்தில் 1280 என்றிருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் அத்தனை முறை சுற்ற வேண்டும் என்று பொருள். மீட்டரின் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் முனையில் ஓர் அட்டை அம்பைச் செருகுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, காரை நேராக 52 அடி 9½ அங்குலம் தள்ளுங்கள். அது மைலில் நூறில் ஒரு பங்கு. அம்பு பத்துச் சுற்று சுற்றினால் உங்கள் எண் 1000. இப்போது போட்டிருக்கும் டயரின் அளவும் இதிலேயே அடங்கிவிடும்.

அப்புறம் டயலில் உள்ள எண், நீங்கள் அளந்த எண் இரண்டையும் மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பல்சக்கரத்தை மாற்றி, முள்ளையும் அளவுதிருத்தித் தருவார். மீட்டரைத் திறக்க மனமில்லையென்றால், கேபிளின் நடுவே 1.28 மடங்கு (1280 ÷ 1000) வேகம் கூட்டும் சிறு கியர்பெட்டியைப் பொருத்தலாம்.