பொரியல் தீர்ந்த பிறகு சாப்பிடுகிறவர்கள்

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 12 வருடமாகிறது. மாத்திரையைத் தவறவிடுவதில்லை. காலை ஐந்தரைக்கெல்லாம் நடக்கக் கிளம்பிவிடுவார். சோற்றையும் குறைத்துவிட்டார். நன்றாகவே இருக்கிறார். போன ஆடியில் அவருக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, சரி, அம்மாவுக்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பார்த்தோம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி (HbA1c) அளவு 6.3 சதவீதம் என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அம்மா கிட்டத்தட்ட அதன் வாசலில் நிற்கிறார்.

எனக்குப் புரியவே இல்லை. ஒரே அடுப்பு, ஒரே சமையல், அம்மா இனிப்புப் பக்கம் போகிறவரும் இல்லை. ஒரு வாரம் அவர் தட்டைக் கவனித்தேன். இத்தனை வருடம் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அப்பா, நான், தம்பி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா உட்காருகிறார். அப்போது பொரியல் சட்டியில் ஒரு கரண்டி அவரைக்காய் இருந்தாலே பெரிது. சாம்பாரில் கிடந்த காயெல்லாம் எங்கள் தட்டுக்கு வந்துவிட்டிருக்கும். மிச்சம் இருப்பது சோறு. அது மட்டும் எப்போதும் மிச்சம் இருக்கும், ஏனென்றால் யாருக்கும் பற்றாமல் போய்விடக் கூடாது என்று தினமும் ஒரு ஆழாக்கு கூடுதலாகவே போடுகிறார். கொட்ட மனம் வராமல், அதில் ரசத்தை ஊற்றி, அப்புறம் மோரை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அவரே சாப்பிட்டு முடிக்கிறார். காலையில் ஆறிப்போன இட்லி, இரவில் கடைசித் தோசை. இட்லியிலும் தோசையிலும் முக்கால்வாசி அரிசிதானே.

சோற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வெறும் சோறு சீக்கிரமே சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறுகிறது. கூடவே பருப்பு, கீரை, காய், முட்டை என்று ஏதாவது போனால் அந்த வேகம் குறைகிறது. தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்கிறது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எங்கள் வீட்டில் அந்தப் பாதி அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது, சமைத்தவருக்குக் கிடைக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ராகிக் கஞ்சி கொடு, சப்பாத்திக்கு மாற்று என்றார்கள். ராகியும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். சப்பாத்தியும் நாலைந்து சாப்பிட்டால் சோற்றுக்குச் சமம்தான்.

இன்னொன்று, "வீட்டு வேலையே உடற்பயிற்சி" என்ற பேச்சு. தயவுசெய்து இதை இனி யாரும் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு வேலை உண்டு, களைப்பு உண்டு, கால்வலி உண்டு. ஆனால் லேசாக மூச்சு வாங்குகிற மாதிரி தொடர்ந்து பத்து நிமிடம்கூட இல்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது அப்படி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பா நடக்கிற அந்த ஐந்தரை மணிக்கு அம்மா அடுப்படியில் நிற்கிறார். அவர் அங்கே நிற்பதால்தான் அப்பாவால் நிம்மதியாக நடந்துவிட்டு வந்து சூடாகச் சாப்பிட முடிகிறது.

இந்தக் கட்டத்தில் மாறினால் பலன் உண்டு என்பதைச் சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு 2006-லேயே காட்டிவிட்டது. இதே விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு அது. உணவையும் நடையையும் சரிசெய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, இந்தியாவில் 13 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த விளிம்பில் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர்களோ என்றுதான் என் மனம் கணக்குப் போடுகிறது.

எங்கள் வீட்டில் இப்போது கூடுதல் ஆழாக்கு அரிசியை நிறுத்திவிட்டோம். அவரைக்காய், கொத்தவரங்காய் எதுவானாலும் கால் கிலோவுக்குப் பதில் அரை கிலோ. நறுக்கிக் கொடுப்பது தம்பியும் நானும். இரவு எட்டு மணிக்குள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறோம். சாப்பிட்டதும் அப்பாவும் அம்மாவும் தெருவில் இருபது நிமிடம் நடக்கிறார்கள். சாப்பிட்ட கையோடு நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. ஐந்து மாதம் கழித்துப் பார்த்தபோது 6.0.

விருந்தாளி வந்தால் மட்டும் அம்மா இன்னும் கடைசியாகத்தான் உட்காருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தார். அம்மாவுக்கென்று ஒரு கிண்ணம் கீரைப் பொரியலை முன்பே எடுத்து மூடி வைத்திருந்தேன். "எனக்கென்னடா, அத்தை சாப்பிடட்டும்" என்று அதைத் திறந்து அத்தை இலையில் வைத்துவிட்டார்.