என் காசில் வாங்கிய பொருளைத் திறக்க எவருடைய அனுமதி வேண்டும்?

எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தாளின் படம் இந்நேரம் உங்களில் பெரும்பாலோருக்கு வந்து சேர்ந்திருக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யார் எழுந்தார், யார் என்ன பேசினார் என்பதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. “சிறுவர்களுக்கு ஹேக்கிங் கற்றுத்தரும் நடவடிக்கைகள் பொது அரங்கில் இனி அனுமதிக்கப்பட மாட்டா” என்ற அந்த ஒற்றை வரிக்காகத்தான் இந்தப் பதிவு. ஞாயிறு காலைகளில் நான் அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்தது என்னவென்றால், வீட்டு மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய வைஃபை ரூட்டரின் திருகுகளைக் கழற்றி, பலகையில் எது பிராசசர், எது மெமரி, மின்சாரம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்ப்பதும், அதில் ரூட்டர்களுக்கென எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற மென்பொருளை ஏற்றி மறுபடி ஓடவைப்பதும்தான். வங்கிக் கணக்குகளை உடைக்கும் பாடத்தை இன்னும் தொடங்கவில்லை. சங்கச் செயலர் சற்று அவசரப்பட்டுவிட்டார்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருடையது. மேலோடும் அவருடையது, உள்ளிருக்கும் பலகையும் அவருடையது. அதைத் திறக்கவும் மாற்றவும் அவர் எவரிடமும் மனுப்போட வேண்டியதில்லை.

மதுரையில் இருக்கும் என் அத்தை, வாசல் விளக்கை மாலையில் தானாக எரியவைக்க ஒரு வைஃபை பிளக் வாங்கினார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நன்றாக இருந்த பிளக் ஒருநாள் செத்துப்போனது. பழுது ஒன்றும் இல்லை. நிறுவனம் தன் செயலியையும் சர்வரையும் நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். தொலைபேசியில் அத்தை கேட்டார்: “ஏன்டா, காசு குடுத்து வாங்கினது நானு. அதை நிறுத்துறதுக்கு அவன் யாருடா?” இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான கேள்வியை எந்த வழக்கறிஞரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்றை இடுக்கில் நுழைத்து அந்த பிளக்கின் மூடியைப் பெயர்த்தேன். உள்ளே விரல்நகம் அளவுக்கு ஈஎஸ்பி8266 என்ற ஒரு வைஃபை சிப். சுவர் மின்சாரத்தின் பக்கமே போகாமல், கணினியோடு இணைக்கும், 3.3 வோல்ட் தரும் சீரியல் அடாப்டரிலிருந்து மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, ஜிபிஐஓ 0 என்ற முனையை மின்சுற்றின் தரைமுனையோடு (கிரவுண்ட்) சேர்த்துப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், அந்தச் சிப் புதிய மென்பொருளை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ அரெண்ட்ஸ் சோனாஃப் சுவிட்சுகளுக்காக எழுதத் தொடங்கி, பிறகு பலருடைய உழைப்பால் வளர்ந்த டாஸ்மோட்டா என்ற மென்பொருளை அதில் ஏற்றினேன். இப்போது அந்த பிளக் அத்தை வீட்டு வைஃபையைத் தாண்டி எவனுக்கும் பதில் சொல்வதில்லை. நான் செய்த மாபெரும் சைபர் குற்றம் இதுதான்.

இது அத்தைக்கு மட்டும் நடந்த கதை அல்ல. 2016 மே மாதம் வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் கட்டுப்படுத்தும் ரிவால்வ் என்ற கருவியை நெஸ்ட் நிறுவனம் தொலைவிலிருந்தே செயலிழக்கச் செய்தது. 2024 டிசம்பர் 9 அன்று ஸ்பாட்டிஃபை, காரில் பாட்டுக் கேட்கத் தானே விற்ற கார் திங் கருவிகளை ஒரே நாளில் வெறும் கண்ணாடித் துண்டாக்கியது. அவற்றைக் குப்பைக்குப் போகாமல் வேறு வேலைக்குத் திருப்பியவர்கள், உள்ளே புகுந்து மென்பொருளை மாற்றிய பொழுதுபோக்குக்காரர்கள்தான். விற்ற பொருளுக்குள் விற்றவன் எப்போது வேண்டுமானாலும் கையை நுழைக்கலாம், வாங்கியவன் மூடியைத் திறந்தால் மட்டும் குற்றம் என்பது என்ன நியாயம்?

கூட்டத்தில் ஒருவர் சட்டம் பேசினார். பேசட்டும், நானும் பேசுகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43 என்ன சொல்கிறது? உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதையும் அதைச் சேதப்படுத்துவதையும் பற்றிச் சொல்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் பிரிவு 66. என் ரூட்டரின் உரிமையாளர் நான். எனக்கு நானே அனுமதி கொடுத்துவிட்டேன், வேண்டுமானால் முத்திரைத்தாளில் எழுதித் தருகிறேன். கைபேசியின் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை மாற்றுவது குற்றம். கட்டணச் சேனல்களைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வழிசெய்வதும் குற்றம். இவ்விரண்டையும் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் சொன்னேன். அதைக் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவர்கள் எவரும் கேட்க வரவில்லை.

ஓப்பன் டபிள்யூஆர்டி எங்கிருந்து வந்தது என்பதாவது எதிர்த்தவர்களுக்குத் தெரியுமா? லிங்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரூட்டரை விற்கத் தொடங்கியது. அதன் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம் என்பதைத் தோண்டித் துருவிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமம், மென்பொருளைப் பொருளோடு சேர்த்து விற்பவர் அதன் மூலநிரலையும், அதாவது அது எழுதப்பட்ட வரிகளையும், தர வேண்டும் என்கிறது. லிங்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ 2003-இல் வேறு வழியின்றி மூலநிரலை வெளியிட்டது; அதிலிருந்து 2004-இல் ஓப்பன் டபிள்யூஆர்டி பிறந்தது. இன்று ரூட்டர் தயாரிக்கும் நிறுவனங்கள் சில அதையே அடித்தளமாக வைத்துத் தங்கள் பொருட்களை விற்கின்றன. அவர்கள் விற்றால் தொழில்நுட்பம், நான் ஏற்றினால் ஹேக்கிங்.

இனி எதிர்வாதங்கள். “வாரண்டி போய்விடும்.” அந்த ரூட்டர்களின் வாரண்டி போய்ப் பல ஆண்டுகள் ஆயிற்று, அடுத்தது. “மின்சாரம் ஆபத்து.” இது நியாயமான கேள்வி, இதற்கு மட்டும் நான் எரிச்சலில்லாமல் பதில் சொல்வேன். சுவரில் நேராகச் செருகும் 230 வோல்ட் பொருள் எதையும் பிள்ளைகள் திறக்க நான் விட்டதில்லை. அடாப்டரில் ஓடும் 5 வோல்ட், 12 வோல்ட் பொருட்கள் மட்டும், அவையும் அடாப்டரைக் கழற்றிய பிறகே. உப்பிய லித்தியம் பேட்டரியை எவரும் தொடக்கூடாது. மைக்ரோவேவ் அடுப்பு மேசைக்கே வரக்கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். இந்த விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்த இடத்தில்தான் புதிய அறிவிப்பு தொங்குகிறது.

“இப்படிக் கற்ற பிள்ளைகள் நாளை மற்றவர்களின் கருவிகளுக்குள் நுழைவார்கள்” என்பது மூன்றாவது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துக்கொண்டு, அக்டோபரில், இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டைன் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர் உட்படப் பல தளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. அது அந்தக் கருவிகளுக்குள் நுழைந்த வழி, ஆலையில் வைத்து அனுப்பிய பெயர்களும் கடவுச்சொற்களும் அடங்கிய, 60 சொச்சம் இணைகள் கொண்ட ஒரு பட்டியல்தான். வாங்கியவர் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத பெட்டிகள் அவை. நம் வாசல் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி நான் கொடுத்த கடிதம் எந்தக் கோப்பில் உறங்குகிறது என்பதைச் சங்கம் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உண்மையில் எனக்கு வலிப்பது இந்த வாதங்கள் அல்ல. நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில், ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து இதே வேலையைச் செய்யச் சொல்கிறது இந்திய அரசு. அந்தப் பள்ளியின் விளம்பரத் தாளில் பிள்ளை கையில் சால்டரிங் இரும்போடு நிற்கும் படத்தைப் பார்த்துச் சேர்க்கைக்கு வரிசையில் நின்றவர்கள், அதே பிள்ளை நம் அரங்கில் ஓட்டை ரூட்டரோடு உட்கார்ந்தால் பதறுகிறார்கள். சட்டையில் பெயர்ப்பட்டையும் சுவரில் நிறுவனச் சின்னமும் இருந்தால் அது புத்தாக்கம். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில், இரண்டு பேர் நிற்க இடமில்லாத கடையில், உருப்பெருக்கியின் கீழ் குனிந்து சிப்பைக் கழற்றி மாட்டுகிறவர் செய்தால் “லோக்கல் வேலை”. அந்தத் தெருவில் நின்றுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். காசு வாங்காமல், சந்தேகப்படாமல், “கையை இப்படிப் பிடி தம்பி” என்று சொல்லித்தந்த மனிதர்கள் அவர்கள். படித்தவர்கள் நிறைந்த நம் குடியிருப்பில் எனக்குக் கிடைத்தது ஓர் அறிவிப்புத் தாள்.

லிஃப்டில் ஒரு சிறுமி, “அங்கிள், அடுத்த வாரம் சால்டரிங் சொல்லித்தரேன்னீங்களே?” என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் அவள் அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கைபேசிக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தவன் நான். அப்போது நான் ஹேக்கராகத் தெரியவில்லை போலும்.

அரங்கில் இருக்கும் ரூட்டரிலும் ஓப்பன் டபிள்யூஆர்டிதான் ஓடுகிறது. அதை ஏற்றியவனும் நானே, சங்கம் கேட்டுக்கொண்டதால். குற்றமென்றால் அதையும் கழற்றிவிடுகிறேன், இன்று மாலையே. இல்லையென்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் தடை விதித்தீர்கள் என்று செயலர் ஐயா கையொப்பமிட்டு எழுதித் தரட்டும். அது வரும்வரை வகுப்பு என் வீட்டு முன்னறையில், வழக்கம்போல் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடக்கும். பெற்றோரும் கூட வந்து உட்காரலாம். பழைய ரூட்டர், கெட்டுப்போன கீபோர்டு, ஓடாத ரிமோட் கார் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள்.